டொன் சாரோவின் மங்கலான ஸ்கோப்

1. முதல் நாள்

துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஏழு ஸ்கோப்புகளில் கைவைத்து இரண்டைக் கெடுத்தேன்.

என்னைக் கூட்டித் துடைக்கத்தான் எடுத்திருந்தார்கள். அதற்கு முன் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்தவள் நான். ஜன்னல் கண்ணாடி துடைப்பதில் எனக்கு நல்ல பெயர். கால்சா வட்டாரத்தில் இருந்த அந்தக் கடைக்குள் போனதும், கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நின்ற ஸ்கோப்புகளில் தூசி படிந்திருப்பதைக் கண்டேன். ஸ்கோப் என்றால் துப்பாக்கிக்கு மேலே பூட்டிக் குறி பார்க்கிற குழல். இரண்டு பக்கமும் கண்ணாடி. கண்ணாடி என்றால் எனக்குத் தெரியாததா? நீல நிறத் திரவத்தைத் தெளித்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி, அழுத்தித் தேய்த்தேன்.

முதலாளி சிஞ்ஞோர் கார்மெலோ கோப்பி குடித்துவிட்டு வந்தார். ஏழும் மினுங்கிக்கொண்டு நின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சிஞ்ஞோரா, இதை எதாலை துடைச்சனீர்?"

"பேப்பராலை."

"எந்தப் பேப்பர்?"

"இண்டையான் பேப்பர் இல்லை, சிஞ்ஞோர். நேற்றையான்."

ஸ்கோப்பின் கண்ணாடிமேல் கோட்டிங் என்று மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். மாலை வெளிச்சம் வீணாகாமல் கண்ணுக்குக் கொண்டுவருவது அந்தப் பூச்சுத்தான். அதை இரண்டில் நான் கீறிவிட்டேன். மனிதர் என்னை அனுப்பிவிடவில்லை. அடுத்த இரண்டு மணி நேரம் முன்னால் இருத்தி வைத்து ஒழுங்கு சொல்லித் தந்தார். முதலில் ஊதி, பிறகு தூரிகையால் தட்டி, கடைசியில்தான் துணி. "இனி இதுகளைத் துடைக்கிறது நீர்தான். ஏனெண்டால் இனி நீர் பிழை விடமாட்டீர்" என்றார்.

அவர் நினைத்தது சரி. துடைக்கப் பழகி, பிறகு பூட்டப் பழகி, சில வருடங்களில் ஸ்கோப் மேசையே என் மேசையாகிவிட்டது.

இந்தக் குறிப்பில் வருகிற சிசிலியர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார்கள். அவர்கள் சொன்னதை எனக்கு வேறு தமிழில் எழுதத் தெரியாது.

2. பெயரும் மிருகமும்

என் பெயர் மங்களேஸ்வரி. கார்மெலோவின் நாக்கு முதல் மூன்று எழுத்தோடு நின்றுவிட்டது. "மங்கா!" என்று கடை முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார். சிசிலியன் வாயில் அந்தச் சொல்லுக்கு 'இல்லை, குறையுது' என்று அர்த்தம். கடைக்கு வருகிறவர்கள் ஏதோ சாமான் முடிந்துவிட்டதென்று நினைத்து, "என்ன இல்லை?" என்று கேட்பார்கள். நான் எழும்பி நிற்பேன்.

எனக்கும் அவர்கள் மொழியில் ஒரு குழப்பம் இருந்தது. வேட்டைக்காரர்கள் 'சிங்கியாலே, சிங்கியாலே' என்று கதைத்துக்கொண்டே இருந்தார்கள். தோட்டத்துக்குள் வந்து கிளறுகிறது, வேலியை உடைக்கிறது, குட்டிகளோடு திரிகிறது என்றார்கள். பலெர்மோவைச் சுற்றிச் சிங்கம் திரிகிறதென்று நான் ஒரு மாதம் நம்பினேன். பிறகு கார்மெலோ நிலவறையில் இருந்த ரப்பர் பொம்மையைக் காட்டினார். காட்டுப்பன்றி! எனக்கு எவ்வளவு நிம்மதி.

வெள்ளி, செவ்வாய் மச்ச மாமிசம் தொடாத, வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட வெட்டாத நான் வேட்டைக்காரருக்கு ஸ்கோப் தெரிவுசெய்து கொடுக்கிறேன் என்பது பல்லரோச் சந்தைப் பக்கம் இருக்கிற எங்கள் சனத்துக்குப் பெரிய பகிடி.

3. இரண்டு கட்சி

என் மேசைக்கு வருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு.

ஒன்று கண்ணாடிக் கட்சி. இவர்களுக்கு ஸ்கோப் என்றால் கண்ணாடியும் குழலும் மட்டும்தான். பற்றரி வேண்டாம், திரை வேண்டாம். பொழுது சாய்கிற நேரத்துக்கு எட்டுத் தர ஐம்பத்தாறு கேட்பார்கள். எட்டு என்றால் எட்டு மடங்கு கிட்டக் காட்டும், ஐம்பத்தாறு என்றால் முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீற்றரில். நல்ல கண்ணாடி முப்பது வருடம் நிற்கும். ஆனால் முழு இருட்டில் அதற்கும் ஒன்றும் தெரியாது. இல்லாத வெளிச்சத்தைக் கண்ணாடி உண்டாக்காது.

மற்றது டிஜிட்டல் கட்சி. டிஜிட்டல் இரவு ஸ்கோப்புக்குள் கமரா ஒன்று இருக்கிறது, அதன் படத்தைச் சின்னத் திரையில் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை அது தானே அடிக்கும். கும்மிருட்டிலும் சாம்பல் நிறத்தில் எல்லாம் தெரியும். படம் பிடித்தும் வைக்கும். பற்றரி முடிந்தால் வெறும் இரும்புத்துண்டு.

கண்ணாடிக் கட்சி டிஜிட்டல்காரரைப் பார்த்து, "நீங்கள் வேட்டைக்குப் போறியளோ, டீவி பாக்கப் போறியளோ?" என்று கேட்கும். டிஜிட்டல் கட்சி பதிலுக்கு, "நீங்கள் வெறுங்கையோடை திரும்பி வாறதைப் பாக்கத்தான் போறம்" என்று சொல்லும். நான் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் துணி கொடுப்பேன்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லவேண்டும். இரவு ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பூட்ட எல்லாரையும் விடமாட்டார்கள். தோட்டங்களை அழிக்கிற பன்றிகளைக் குறைக்கத் தனி அனுமதிக் கடிதம் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் கடிதத்தைக் கார்மெலோ வரிக்கு வரி வாசித்த பிறகுதான் பெட்டியைத் திறக்கவே விடுவார்.

4. புகார்

டொன் சாரோவிடம் அந்தக் கடிதம் இருந்தது. நகருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டம், எழுபதைத் தாண்டிய வயது, நேராக நிற்கிற உடம்பு. கண்ணாடிக் கட்சியின் தலைவர் என்றே சொல்லலாம். மாமனார் கொடுத்த எட்டுத் தர ஐம்பத்தாறைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார்.

ஒரு தை மாதம் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"உள்ளுக்கை பனிமூட்டம் மாதிரிப் புகார் பிடிச்சுக் கிடக்கு. துடைச்சுத் தாரும்."

வாங்கிப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை கண்ணில் குத்துகிற மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. பூஞ்சணம் இல்லை, ஈரம் இல்லை. இருந்தாலும் வெளியே ஒருமுறை துடைத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை திரும்பி வந்தார்.

"புகார் அப்பிடியேதான் கிடக்கு."

மறுபடியும் துடைத்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். கண் வைக்கிற பக்கத்தில், அவரவர் பார்வைக்குத் திருப்பிச் சரிசெய்கிற வளையம் ஒன்று இருக்கும். அது கடைசிவரை திருகப்பட்டிருந்தது. நான் நடுவுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது திரும்பவும் கடைசியில் நின்றது.

"கண்ணாடி தண்ணி மாதிரிக் கிடக்கு, டொன் சாரோ."

"அப்ப உமக்குத் துடைக்கத் தெரியாது" என்றார்.

முதல் நாள் கதை எல்லா வாடிக்கையாளருக்கும் தெரியும். நான் துணியை மடித்து வைத்தேன்.

கார்மெலோ அந்த இடைவெளிக்குள் புகுந்தார். "டொன் சாரோ, காலம் மாறிப்போச்சு. ஒருக்கால் டிஜிட்டலைப் பாருங்கோ. பிடிக்காட்டி வையுங்கோ."

டொன் சாரோ முகத்தைச் சுளித்தார். ஆனால் மறுக்கவில்லை. அவருடைய மண்டரின் மரங்களின் அடியை ஒவ்வொரு நாளும் பன்றி கிளறிக்கொண்டிருந்தது.

5. நிலவறை

பகல் பதினொரு மணி. கடைக்குக் கீழே வளைந்த கூரையோடு நீளமான நிலவறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் இல்லை. லைற்றை அணைத்தால் எந்த நேரமும் நடுச்சாமம்தான். அதன் கடைசியில் அந்த ரப்பர் பன்றியை நிறுத்தி வைத்திருந்தோம். டிஜிட்டல் வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

அவர்கள் இறங்கி வரப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தக் கடைசியில் குனிந்து, ஸ்கோப் பூட்டுகிற வளையங்கள் இருந்த பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். லைற் அணைந்தது. படியில் காலடி கேட்டது. பெட்டியை விட்டால் காலில் விழும் என்று அப்படியே குனிந்தபடி நின்றேன்.

படியடியில் டொன் சாரோவின் குரல் கேட்டது. "அட! எல்லாம் தெரியுது! என்ன வெளிச்சம்!"

"நான் சொன்னனான்தானே" என்றார் கார்மெலோ.

"பன்றியும் தெரியுது. பெரிய பெண் பன்றி. குனிஞ்சு கிளறுது பாரும்... பொறும், பொறும்... பும்!"

"சிஞ்ஞோர், நான் இஞ்சை நிக்கிறன்!" என்று கத்தினேன்.

லைற் எரிந்தது. டொன் சாரோ கையில் டிஜிட்டல் ஸ்கோப் மட்டும்தான், துப்பாக்கி இல்லை. அது நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கார்மெலோ சுவரில் கையூன்றி, கண்ணீர் வழியச் சிரித்தார். டொன் சாரோவும் சிரித்தார். "இருட்டுக்கை எல்லாம் ஒண்டுதானே, சிஞ்ஞோரா" என்றார். சொல்லப்போனால் நானும் சிரித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

பாதிப் படியில் என் சிரிப்பு நின்றது. ரப்பர் பன்றி எனக்கு இரண்டு மீற்றர் இடப்பக்கத்தில், மறைப்பு ஒன்றும் இல்லாமல் நின்றது. அதை அவர் காணவே இல்லை.

அடுத்தது இன்னும் மோசமாக நினைவுக்கு வந்தது. என் கணவர், என்ரை மனுசன், அந்த வருடமும் மண்டரின் வெட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது டொன் சாரோவின் தோட்டத்துக்குத்தான். மண்டரின் வெட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் கூடைக்கு மேலே குனிந்துதான் நிற்பார்கள்.

6. வளையம் வரவில்லை

கார்மெலோவைத் தனியாகப் பிடித்தேன்.

"அவருக்குக் கண் தெரியேல்லை. பன்றியை விட்டிட்டு என்னைச் சுட்டவர்."

"பகிடிக்கு, மங்கா."

"பகிடி இல்லை. அவரின்ரை ஸ்கோப்பிலை புகார் இல்லை, கண்ணிலைதான் புகார். டிஜிட்டல்லை திரை வெளிச்சமாய்க் கிடக்கு. அதாலை எல்லாம் தெரியுது எண்டு நினைக்கிறார். வெளிச்சம் தெரியுது, உருவம் தெரியேல்லை."

கார்மெலோ சிரிப்பதை நிறுத்தினார். "அவரிட்டை லைசென்ஸ் கிடக்கு. கடிதம் கிடக்கு. நாங்கள் கடைக்காரர், டாக்குத்தர் இல்லை. நான் விக்காட்டி வேறை கடையிலை வாங்குவார். அப்ப என்ன செய்வீர்?"

அது உண்மை. தன் கண் பழுது என்று டொன் சாரோவுக்கே தெரியவேண்டும், வேறு வழியில்லை. ஆனால் லைசென்ஸ் எடுத்து நாலு வருடம் ஆகிவிட்டது, அடுத்த வருடம் புதுப்பிக்கக் கண் காட்டவேண்டும். கண் டாக்டர் ஒரு வரி எழுதினால் துப்பாக்கி போய்விடும். அதனால்தான் அவர் புகாரைக் கண்ணாடிமேல் போட்டுக்கொண்டிருந்தார்.

டொன் சாரோ டிஜிட்டலை அன்றே கொண்டுபோக நின்றார். நான் பொய் சொன்னேன்.

"உங்கடை துப்பாக்கிக்குப் பூட்டுற வளையம் இல்லை. மிலானிலை இருந்து வரவேணும். வியாழக்கிழமை வாங்கோ. வரேக்கை சிஞ்ஞோராவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"பீனாவோ? அவ ஏன்?"

"உங்கடை ரெலிபோனை வீட்டிலை ஆர் சார்ஜ் பண்ணுறது?"

யோசித்தார். "அவதான்."

"அப்ப இதையும் அவதான் சார்ஜ் பண்ணப்போறா. பழகவேணும்."

எனக்குப் பின்னால் தட்டு நிறைய வளையங்கள் இருந்தன. கார்மெலோ அந்தத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பத்திரிகையை விரித்தார்.

அன்று பின்னேரம் டிஜிட்டல் ஸ்கோப்பைச் சார்ஜில் போடும்போது திரையின் மூலையில் ஒரு சின்ன அடையாளம் தெரிந்தது. டொன் சாரோவின் பெருவிரல் தெரியாத்தனமாக ரெக்கோர்ட் பொத்தானை அமத்தியிருக்கிறது. நிலவறையில் நடந்தது முழுக்க, குரலோடு, அதற்குள் இருந்தது.

வீட்டுக்குப் போய் மனுசனிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, வியாழன் மட்டும் அந்தத் தோட்டத்துக்குப் போகாதேங்கோ."

"உனக்கென்ன விசரோ? அவர் பன்றி சுடத் துவக்கு எடுக்கிறது நாங்கள் வேலை முடிஞ்சு வெளிக்கிட்ட பிறகு."

"போன கிழமை பொழுதுபட்ட பிறகும் பெட்டி ஏத்திக்கொண்டு நிண்டனீங்கள்."

"அப்ப இனி நிமிந்து நிண்டு ஏத்திறன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் புட்டுக்குக் கறி வைக்கவில்லை.

7. திரை

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். சிஞ்ஞோரா பீனா குள்ளமான, கலகலப்பான மனுசி. கையில் பெரிய தோல்பை. மத்தியானம் கடை பூட்டுகிற நேரம்வரை அவர்களுக்குக் கோப்பி கொடுத்து இருத்தினேன். வேறு வாடிக்கையாளர் முன்னால் இது நடக்கக்கூடாது. கார்மெலோவே எழும்பிப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். அவர் என் பக்கம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைச் சுவரில் வேட்டைப் படம் ஓடுகிற பெரிய திரை இருந்தது. "முதலிலை இது எப்பிடிப் படம் பிடிக்கும் எண்டு பாருங்கோ" என்று சொல்லி அதில் போட்டேன்.

சாம்பல் நிற நிலவறை தெரிந்தது. இடப்பக்கம் ரப்பர் பன்றி, தந்தம், வால், காது எல்லாத்தோடும் நின்றது. வலப்பக்கம் நான், பெட்டியோடு குனிந்துகொண்டு. குறியின் சிலுவைக்கோடு ரப்பர் பன்றிக்கு மேலால் ஓடி, அதைத் தாண்டி வந்து, என்மேல் நின்றது. 'பெரிய பெண் பன்றி. குனிஞ்சு கிளறுது பாரும்.' பிறகு 'பும்.'

"சாரோ, அது இந்த சிஞ்ஞோரா" என்றார் பீனா.

டொன் சாரோ எழும்பி, மூக்கு முட்டுகிற அளவுக்குத் திரைக்குக் கிட்டப் போனார்.

"திருப்பிப் போடும்."

போட்டேன். மூன்றாம் முறையும் போடச் சொன்னார்.

"ரப்பர் பன்றி எங்கை நிண்டது?"

திரையில் விரலை வைத்துக் காட்டினேன். என் விரலடியை நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீர் வேணுமெண்டு குனிஞ்சனீர்!"

"போன மாதம் கதவிலை தொங்கின கோட்டுக்கு 'புவோன்ஜோர்னோ' எண்டு வணக்கம் சொன்னவர்" என்றார் பீனா. "கோட்டும் வேணுமெண்டே தொங்கினது?"

நான் மெதுவாகச் சொன்னேன்: "டொன் சாரோ, என்ரை மனுசன் உங்கடை தோட்டத்திலைதான் மண்டரின் வெட்டுறார். சிவம். அந்த மீசைக்காரன்."

"சிவோ?" என்றார். "சிவோவுக்கு மீசை இருக்கோ?"

என்ரை மனுசன் இரண்டு பருவமாக அவருடைய தோட்டத்தில் வேலை செய்கிறார். அந்த மீசையைப் பல்லரோச் சந்தையின் அந்தக் கோடித் தொங்கலில் இருந்தே கண்டுபிடிக்கலாம்.

டொன் சாரோ தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார். பீனா என் கையை ஒருமுறை அமத்திப் பிடித்துவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினார்.

"ஒரு வாடிக்கையாளர் போச்சு" என்றார் கார்மெலோ. ஆனால் ஏசவில்லை.

8. துப்பாக்கி மேசைமேல்

இரண்டு நாள் எனக்கு நித்திரை சரியில்லை. வேறு கடையில் வாங்கியிருப்பாரோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். துப்பாக்கியை அதன் பையோடு கொண்டுவந்து கார்மெலோவின் மேசையில் வைத்தார்.

"இது இஞ்சை கிடக்கட்டும். கண் காட்டி முடியுமட்டும். ஆரும் கேட்டால் ஸ்பிரிங் பிழை எண்டு சொல்லுங்கோ."

கார்மெலோ ரசீதுத் துண்டு எழுதிக் கொடுத்தார். டொன் சாரோ என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கடை மனுசனுக்கு மீசை இருக்குத்தான். நேற்றுக் கிட்டப் போய்ப் பாத்தனான்."

இது நடந்ததென்று மனுசனும் சொன்னார். முதலாளி வந்து ஒரு சாண் தூரத்தில் நின்று முகத்தை உற்றுப் பார்த்தாராம். வேலை போகப்போகிறது என்று பயந்துவிட்டாராம்.

இரண்டு கண்ணிலும் கண்புரை. குறி பார்க்கிற கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஒபரேஷன் செய்து எடுத்தார்கள். அந்தப் பருவம் முழுக்கப் பன்றிகள் ராசா மாதிரித் திரிந்தன. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர்தான் அனுமதியோடு வந்து கொஞ்சம் விரட்டினார்.

குளிர் தொடங்கும்போது டொன் சாரோ புது மருத்துவச் சான்றிதழோடு வந்தார். பழைய எட்டுத் தர ஐம்பத்தாறை எடுத்து, வாசலுக்குப் போய், தெருவை இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல்வரை பார்த்தார். திரும்பி வந்து என் மேசைமேல் வைத்தார்.

"கடைசியாய் வடிவாய்த் துடைச்சுப் போட்டீர்" என்றார்.

"ஓம், டொன் சாரோ. இந்தமுறை புதுத் துணி" என்றேன்.

கார்மெலோ பத்திரிகைக்குப் பின்னால் இருமினார்.

9. எதை வாங்கினார்

துப்பாக்கிக்குக் கண்ணாடிதான் நல்லதென்று நானே சொன்னேன். அவருடைய தோட்டத்தில் மரங்கள் நெருக்கம். டிஜிட்டல் அடிக்கிற வெளிச்சம் கிட்ட இருக்கிற இலையில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். பொழுது சாயும் நேரத்துக்கு அந்தப் பழைய கண்ணாடி போதும். அதுக்குமேல் இருட்டினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வெட்டவெளித் தோட்டமென்றால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

டிஜிட்டலிலும் ஒன்று வாங்கினார். துப்பாக்கியில் பூட்டாத, கையில் பிடித்துப் பார்க்கிற சின்னது. சுடுவதற்கு முன் என்ன நிற்கிறதென்று பீனா அதில் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது ஒப்பந்தம். அது சரியாக ஒரு மாதம் நடந்தது. பிறகு டொன் சாரோ முறைப்பாட்டோடு வந்தார்.

"எந்தப் பன்றியைக் கண்டாலும் 'அது குட்டித்தாச்சி, வயித்திலை குட்டி, சுடாதே' எண்டு சொல்லுறா. நேற்று ஒரு ஆண் பன்றியையும் குட்டித்தாச்சி எண்டவ."

அதற்குக் கடையில் மருந்து இல்லை என்றேன்.

அன்றிலிருந்து என் மேசையில் ஒரு பழக்கம் வந்தது. கண்ணாடியா டிஜிட்டலா என்று கேட்கிறவரிடம் முதலில் எங்கே, எந்த நேரம், என்ன கடிதம் என்று கேட்பேன். பிறகு ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பலகையை வாசிக்கச் சொல்வேன். அடுத்தது மற்றக் கண். கார்மெலோ முதலில் முணுமுணுத்தார். இப்போது, "இது எங்கடை கடையின்ரை முறை" என்று தான் கண்டுபிடித்தது மாதிரிச் சொல்கிறார். பரவாயில்லை.

ஒருநாள் பீனா பற்றரி மாற்ற வந்தார். நான் ஒருவரைப் பலகை வாசிக்க வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆள் போனதும் கேட்டார்.

"நீங்கள் கடைசியாய் எப்ப கண் காட்டினீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். இத்தாலிக்கு வந்ததில் இருந்து காட்டவே இல்லை. அவர் விடவில்லை, தானே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் இடது கண்ணைப் பொத்தச் சொன்னார், எல்லா வரியும் வாசித்தேன். வலது கண்ணைப் பொத்தினேன். கடைசி மூன்று வரி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

"கண்புரையின்ரை ஆரம்பம்தான், பயப்பிட ஒண்டுமில்லை. ஆனால் இதை நீங்களே கவனிக்கேல்லையோ?" என்று கேட்டார் டாக்டர். "என்ன வேலை செய்யிறீங்கள்?"

ஸ்கோப் விற்கிறேன் என்றேன். பீனா தோல்பையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எந்தக் கருவியையும் மற்றவர் கண்ணுக்கு வைக்கிற வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: முதலில் போய் உங்கள் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்.